ஊரில்லாத காண்டாமிருகமும் சிட்னிச் சிற்பிகளும்

மெல்பேர்ண் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், வெரிபி என்னும் இடத்தில், திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலை ஒன்று உண்டு. ஊரிலிருந்து அம்மாவோ மாமியோ வந்தால் ஒரு தடவையாவது அங்கே கூட்டிச் செல்வது மெல்பேர்ண் வாழ் எம்மவர் பலரது வழக்கம். பேருந்தில் ஏறி அமர்ந்துகொண்டால் போதும். வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் வேலியில்லாத வெளியில் மேய்வது போன்று தோன்றும். பின்னர் ஒரு சரிவில், சேற்றில் தோய்ந்த கரும்பாறைகள் போல, காண்டாமிருகங்கள் தென்படும்.

சென்ற பள்ளி விடுமுறையில் எமது தங்கையின் பிள்ளைகள் இருவரை நாம் அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். இருவரும் இந்த மண்ணிலே பிறந்தவர்கள். பேருந்து அந்தச் சரிவை அண்மித்தபோது மூத்தவன், ஒன்பது வயதுக்காரன், யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டான்:

"மாமா, இதின்ரை ஊர் எது?"

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் எழுகின்ற கேள்வி அதுதான். பிள்ளை அதனைக் கேட்டுப் பழகியவன். காண்டாமிருகத்தையும் அதே விதத்தில் விசாரித்தான். தென்னாபிரிக்கா என்று சொல்லி வைத்தோம். அவன் விடவில்லை. "இது அங்கை பிறந்ததோ, இஞ்சை பிறந்ததோ?" என்றான். அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. மிருகக்காட்சிச்சாலைகளில் வாழும் காண்டாமிருகங்களிற் பல, ஆபிரிக்காவைக் கண்ணாற் கண்டிராதவை.

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பிய நாம், சிட்னியைத் தளமாகக் கொண்டு பணியாற்றிவந்த சிற்பத் தம்பதியர் ஒருவரின் படைப்பினைப் பற்றி எழுதவேண்டும் என்று நீண்ட நாட்களாக எண்ணியிருந்ததை இப்போது எழுத முற்படுகின்றோம். அந்தப் படைப்பும் ஒரு காண்டாமிருகக் குடும்பத்தைப் பற்றியதே. அதன் தலைவனுக்கும் ஊர் எது என்று சொல்வது இலகுவன்று.

பிறந்த நாடும் இல்லை, புகுந்த நாடும் இல்லை

வெள்ளைக் காண்டாமிருகம் என்று சொல்லப்படுவது உண்மையில் வெள்ளை நிறமானதன்று, சாம்பல் நிறமே. கறுப்புக் காண்டாமிருகம் என்பதும் சாம்பல் நிறந்தான். வேறுபாடு வாயில் இருக்கின்றது. முன்னையதன் உதடு அகன்றது, நிலத்திலே புல்லை மேய்வது. பின்னையதன் உதடு கூரானது, செடிகொடிகளைப் பற்றி இழுப்பது. வெள்ளைக் காண்டாமிருகத்தில் தெற்கு, வடக்கு என இரு பிரிவுகள் உண்டு. வெரிபியில் நாம் கண்டவை தெற்குப் பிரிவைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவை தென்னாபிரிக்காவில் நூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. கடுமையான பாதுகாப்பின் பயனாகப் பெருகி 2023 முடிவில் ஏறத்தாழ 17,000 வரையில் இருந்தன.

வடக்குப் பிரிவின் கதை இதற்கு நேர்மாறானது. உகண்டா, சாட், மத்திய ஆபிரிக்கா, கொங்கோ, சூடான் ஆகிய நிலப்பரப்புகளில் 1960ஆம் ஆண்டளவில் இவை 2,000க்கும் மேல் இருந்தன. அந்த நாடுகளின் பெயர்களை வாசிக்கும்போதே காரணம் விளங்கிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக உள்நாட்டுப் போர்கள். போர் நடக்குமிடத்திற் துப்பாக்கி மலிவு, காவல் அரிது. காண்டாமிருகத்தின் கொம்போ விலை உயர்ந்தது. சீனாவிலும் வியட்நாமிலும் மருந்துக்கென வாங்கினர். 1970களில் யேமன் நாட்டினர் கத்திப்பிடி செய்வதற்கென வாங்கினர். இத்தனைக்கும் அந்தக் கொம்பு எமது நகமும் மயிரும் எதனால் ஆனவையோ அதே பொருளால் ஆனது. நகத்தைக் கடித்துத் தின்றாலும் அதே மருந்துதான் கிடைக்கும்.

இந்த வடக்குப் பிரிவில், 1975ஆம் ஆண்டு பெப்ரவரியில், சூடானின் தென்பகுதியிலுள்ள ஷம்பே என்னும் இடத்தில் சில காண்டாமிருகங்கள் பிடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இரண்டு வயது ஆண்கன்று. அதற்குச் சூடான் என்றே பெயரிட்டனர். ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று, செக்கோசிலோவாக்கியாவின் த்வூர் கிராலொவே நகர மிருகக்காட்சிச்சாலையிற் சேர்த்தனர். பனியும் குளிரும் நிறைந்த அந்த ஊரில், இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால், அது வளர்ந்தது. அங்கே அதற்குப் பிள்ளைகளும் பிறந்தன. 1989இல் நஜின் என்ற பெண்கன்று பிறந்தது. அந்த நஜினுக்கு 2000ஆம் ஆண்டில் ஃபாத்து என்ற பெண்கன்று பிறந்தது. அதன் பின்னர் மிருகக்காட்சிச்சாலைகளில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் எதுவும் பிறக்கவில்லை.

இடையில் நடந்தவற்றை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1993 சனவரி முதலாம் திகதி செக்கோசிலோவாக்கியா என்ற நாடு இல்லாமற் போய் இரண்டு நாடுகளாயிற்று. 2011 சூலையில் சூடான் பிரிந்தது. ஷம்பே தென்சூடான் என்ற புதிய நாட்டிற்குள் அடங்கிற்று. ஆக, சூடான் என்ற பெயர் தாங்கிய அந்த விலங்கு பிறந்த இடம் இன்று சூடானில் இல்லை. அதற்கு இடங்கொடுத்த நாடும் வரைபடத்தில் இல்லை. அகதி விண்ணப்பப் படிவத்திலே 'பிறந்த நாடு' என்ற கட்டத்தின் முன் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தவர்கள் எம்மிடையே உண்டு. அவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

2009 டிசம்பரில் சூடான், நஜின், ஃபாத்து ஆகிய மூன்றோடும் சுனி என்ற மற்றோர் ஆணையும் சேர்த்து விமானத்தில் ஏற்றிக் கென்யாவுக்கு அனுப்பினர். ஆபிரிக்க வெயிலும் புல்வெளியும் கிடைத்தால் இனம் பெருகும் என்பது எதிர்பார்ப்பு. கென்ய மலையடிவாரத்திலுள்ள ஒல் பெஜெற்றா சரணாலயத்தில் அவை விடப்பட்டன. ஊர் திரும்பின என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஊர் அதுவன்று. ஷம்பே அங்கிருந்து பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கின்றது. அங்கே போக வழியில்லை. பக்கத்து நாடுவரை வந்து நின்றுவிட்டன என்பதே சரி. எம்மவர் தமிழ்நாட்டிற்கு வந்து நின்றதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கும் இருபத்துநான்கு மணி நேர ஆயுதக் காவல். திருடர் நாடாதிருக்கும் பொருட்டுக் கொம்புகள் குறைக்கப்பட்டன. 2014இல் சுனி இயற்கை எய்திற்று. அமெரிக்க மிருகக்காட்சிச்சாலையில் எஞ்சியிருந்தவையும் 2015 முடிவதற்குள் மறைந்தன. பின்பு உலகில் மூன்றே மூன்று: பாட்டன், மகள், பேத்தி.

ஒரு வேடிக்கையையும் இங்கு சொல்லிவிடவேண்டும். செயற்கைக் கருவூட்டல் ஆராய்ச்சிக்குப் பணந் திரட்டுவதற்காக 2017 ஏப்ரலில், டின்டர் என்னும் துணைதேடும் கைத்தொலைபேசிச் சேவையிலே சூடானின் படத்துடன் விளம்பரம் ஒன்று வெளியிடப்பட்டது. உலகிலேயே மிகவும் தகுதிவாய்ந்த மணமாகாதவர் என்ற தோரணையில் அது அமைந்திருந்தது. எமது பத்திரிகைகளின் ஞாயிறு 'மணமகள் தேவை' பகுதிக்கு வந்திருந்தால், வயது 44, சொந்தக் காணி இல்லை, சீதனம் எதிர்பார்க்கப்படமாட்டாது என்று போட்டிருப்போம்.

சாம்பியாவிலிருந்து வந்தவர்கள்

சிட்னிச் சிற்பிகளுக்கு வருவோம். ஜில்லி, மார்க் ஷட்னர் என்பது அவர்களின் பெயர். கணவர் மார்க் மெல்பேர்ண் நகரத்தவர். மனைவி ஜில்லி ஆங்கிலேயப் பெண்மணி. ஹொங்கொங்கில் ஒரு படப்பிடிப்பின்போது சந்தித்து, ஏழாம் நாளே நேபாளத்திற்குச் சென்று, எவரெஸ்ற் மலையடிவாரத்தில் மணம் முடித்துக்கொண்டவர்கள் என்பது அவர்களைப் பற்றி யாரும் சொல்லத் தவறாத கதை. எமது வாசகர்களிற் பெற்றோராய் இருப்பவர்கள் இதனைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டாதிருப்பது நலம். நாய்த்தலை கொண்ட ஆணும் முயற்தலை கொண்ட பெண்ணுமாக அவர்கள் தம்மையே உருவகித்துச் செய்த வெண்கலச் சிலைகள் பல நகரங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன.

இவர்களின் ஆரம்பகாலப் படைப்புகளில் ஒன்றை இங்கு குறிப்பிட விரும்புகின்றோம். அவுஸ்திரேலியாவின் புகழ்பெற்ற உருவப்படப் போட்டியான ஆர்ச்சிபோல்ட் பரிசுக்கு 2006இல் இவர்கள் வரைந்தனுப்பிய படம் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாயிற்று. படத்தில் இருந்தவர் நீச்சல் வீரர் ஜோன் கொன்ராட்ஸ். 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் 1,500 மீற்றர் நீச்சலில் அவுஸ்திரேலியாவுக்குத் தங்கம் வென்றவர். லத்வியா நாட்டில் பிறந்து, போரினால் குழந்தைப் பருவத்திலேயே ஜேர்மனிக்கு இடம்பெயர்ந்து, 1949இல் அகதிக் குடும்பத்துப் பிள்ளையாக இந்த நாட்டுக்கு வந்தவர். நியூ சவுத் வேல்ஸில் குடியேறிகள் முகாம் ஒன்றிலிருந்த நீச்சற் குளத்திலேதான் அவர் நீந்தப் பழகினார். 2021இல் காலமானார்.

ஜில்லி அம்மையார் தமது பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதியைச் சாம்பியாவிற் கழித்தவர். அங்கே யானைகளைக் கண்டு வளர்ந்தார். யானையொன்று சுட்டு வீழ்த்தப்பட்டதையும் தம் கண்ணெதிரே கண்டார். அந்தக் காட்சியே பின்னாளில் தம்மை விலங்குகளின் பக்கம் திருப்பியது என்று அவர் பலமுறை கூறியிருக்கின்றார். குடும்பத்தில் ஒருவர் தூரதேசத்திற் கண்டது, பல ஆண்டுகள் கழிந்து, மற்றவரின் கைகளையும் சேர்த்துக்கொண்டு வெண்கலமாகின்றது. இதனை எம்மால் இலகுவாக விளங்கிக்கொள்ள முடிகின்றது. ஏனெனில் சாம்பியா எமது வீட்டிற்கும் வந்திருந்தது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் படிப்பிக்கச் சென்றதை மூத்த வாசகர்கள் அறிவர். எமது பெரியப்பா அவர்களில் ஒருவர். செப்புச் சுரங்கங்கள் நிறைந்த கிற்வே நகரில் கணிதம் படிப்பித்தார். நீலநிற விமானத்தபாற் கடிதங்களில் வீட்டுச் செய்தி அரைப்பங்கும் விலங்குச் செய்தி அரைப்பங்குமாக எழுதுவார். விடுமுறையில் ஒரு தடவை வந்தபோது, கருங்காலி மரத்திற் செதுக்கிய காண்டாமிருகம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முழ நீளமிருக்கும். எங்கோ தெருவோரச் சந்தையில் வாங்கியது. செய்தவன் பெயர் யாருக்குந் தெரியாது. வலிகாமத்தில் இருந்த அவரது வீட்டின் முன்விறாந்தையில், கண்ணாடி அலுமாரியின் மேல், அது பல வருடங்கள் நின்றது. வருவோர் போவோர் எல்லாம் தட்டிப் பார்ப்பார்கள். பயணத்தில் ஒரு கொம்பு முறிந்துபோக, பெரியம்மா பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். நாம் முதன்முதற் கண்ட காண்டாமிருகம் அதுவே.

காண்டாமிருகம் ஈழ மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதைப் பிற்காலத்திற்தான் படித்தறிந்தோம். இரத்தினபுரியில் இரத்தினக்கல் தோண்டிய குழிகளிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கு வாழ்ந்த காண்டாமிருகங்களின் எச்சங்கள் கிடைத்தன. நீர்யானையின் எச்சங்களும் கிடைத்தன. அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பெயர் சூட்டினார். ஆபிரிக்காவிலிருந்து வந்து இன்னும் உயிருடன் நிற்பது மன்னாரிலும் நெடுந்தீவிலும் உள்ள பெருக்கமரம். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதென்பர். பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அண்ணாந்து பார்த்த மன்னார் வாசகர்கள் இதனைப் படித்து ஒரு கணம் தலையசைப்பார்கள்.

நான்கு நாட்கள்

2017ஆம் ஆண்டு ஷட்னர் தம்பதியர் கென்யாவுக்குச் சென்று அந்த மூன்று காண்டாமிருகங்களையும் நேரிற் பார்த்தனர். சூடானுக்கு அப்போது வயது முதிர்ந்து, பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. திரும்பி வந்தவர்கள் 'கடைசி மூவர்' என்ற பெயரிற் பெருஞ்சிலை ஒன்றை உருவாக்க முனைந்தனர். 17 அடி உயரமான வெண்கலச் சிலை. பாட்டன், மகள், பேத்தி மூவரும் ஒன்றன்மேல் ஒன்றாய், ஒருவரின் பாரத்தை ஒருவர் தாங்குவதாய் அமைந்தது. பார்ப்பவருக்கு முதலிற் சர்க்கஸ் வித்தை போன்றிருக்கும். சற்று நேரம் நின்றால், கீழே விழுந்துவிடும் என்ற பயந் தோன்றும்.

வெண்கல வார்ப்பு எமக்குப் புதிதன்று. மெழுகில் உருவஞ் செய்து, மண்ணால் மூடி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையைச் சுவாமிமலை ஸ்தபதிகள் சோழர் காலந் தொட்டுக் கையாளுகின்றனர். பொலநறுவைச் சிவாலயங்களில் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் இருக்கும் நடராசரும் அம்மையும் அவ்வாறு பிறந்தவர்களே. பெரிய சிலைகளைத் துண்டு துண்டாக வார்த்துப் பின்னர் ஒட்டுவது இக்கால வழக்கம். எமது ஸ்தபதி, தெய்வம் வந்து எழுந்தருள வேண்டுமென்று வார்த்தார். இவர்களோ, போகப் போகின்ற ஒன்றினை வழியனுப்ப வார்த்தனர்.

வழியனுப்புதல் என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயரே 'போய்வாருங்கள் காண்டாமிருகங்களே' என்ற பொருளில் அமைந்தது. பார்க்க வருவோர் தத்தமது பிரியாவிடைச் செய்தியை அனுப்ப வேண்டும். அவற்றைத் திரட்டிக் கொம்பு வாணிபத்துக்கு எதிரான குரலாக அரசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது நோக்கம். 2018 மார்ச் 15ஆம் திகதி, நியூ யோர்க் நகரத்தின் அஸ்ரர் பிளேஸ் சதுக்கத்தில் சிலை திறந்துவைக்கப்பட்டது.

மார்ச் 19ஆம் திகதி சூடான் இறந்தது.

முதுமையின் உபாதைகள் முற்றி, எழுந்து நிற்கவும் இயலாத நிலையில், மருத்துவர்கள் அதன் வேதனையை முடித்து வைத்தனர். வயது 45. அந்த இனத்தின் கடைசி ஆண். சதுக்கத்தில் நின்ற சிலையின் அடியில் மக்கள் மலர்களை வைத்தனர். உயிரோடிருப்பவருக்கென எழுப்பிய சிலை நான்கே நாட்களில் நினைவுச் சின்னமாக மாறிற்று.

கலை விமரிசகர்கள் சிலர் இவர்களுடைய சிலைகளை விரும்புவதில்லை. அளவுக்கு மீறி இனிப்பானவை, படம் எடுத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டவை, கேள்வி எதனையும் எழுப்பாதவை என்று குறை கூறுவர். இந்தக் குறையில் ஓரளவு உண்மை உண்டென்றே நாமும் கருதுகின்றோம். கோப்பி குடிக்கும் நாயும் முயலும் எம்மையும் வெகுதூரம் அழைத்துச் செல்லவில்லை. ஆனால் 'கடைசி மூவர்' வேறு வகையானது. மூன்று உருவங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தாய் யார், மகள் யார் என்ற முறை உண்டு. இனம், தொகை, விழுக்காடு என்று பேசப்படும் அழிவு அங்கே ஒரு குடும்பப் படமாக நிற்கின்றது. தொகையாக மட்டும் எண்ணப்பட்டவர்களுக்கு அந்த வேறுபாடு நன்கு தெரியும்.

அதன் பின்னரும் அவர்கள் ஆபிரிக்காவை விடவில்லை. தாய் யானை ஒன்றும் இருபது குட்டிகளுமாக 21 வெண்கல யானைகளை லண்டன் மாநகரில் நிறுத்தினர். லண்டன் வாசகர்கள் அவற்றைக் கண்டிருக்கலாம். அந்தக் குட்டிகள் கற்பனையல்ல. தந்தத்துக்காகத் தாய் கொல்லப்பட்டுத் தனித்துவிடப்பட்டு, நைரோபியில் உள்ள ஷெல்ட்ரிக் காப்பகத்தில் வளர்க்கப்பட்ட குட்டிகளின் சாயலிற் செய்யப்பட்டவை. அந்தக் காப்பகத்தின் வேலைமுறை வியப்பூட்டுவது. இரவில் ஒவ்வொரு குட்டியோடும் பராமரிப்பாளர் ஒருவர் அதே கொட்டிலிற் படுத்துறங்குவார். தாயற்ற குட்டி தனித்துறங்கினால் உணவை மறுத்து இறந்துவிடக்கூடும். பசுப்பாலின் கொழுப்பு யானைக்கன்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பல குட்டிகளை இழந்த பின்னர், அதற்கு மாற்றாகத் தேங்காய் எண்ணெய் கலந்த பால் பொருந்தும் என்று டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மையார் கண்டுபிடித்தார். தேங்காய்ப்பாலில் வளர்ந்த எமக்கு இது ஒரு தனி மகிழ்ச்சி. அவர் 2018 ஏப்ரலிற் காலமானார். வளர்ந்த யானைகள் சாவோ வனத்திற்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. அவற்றிற் சில, பின்னாளில் தம் கன்றோடு காவலரைத் தேடிவந்து நிற்பதுண்டு.

விடமாட்டோம் என்றவர்கள்

சூடானின் கதையில் எம்மை மிகவும் உறுத்துகின்ற பகுதி ஒன்றுண்டு. அது சிலையில் இல்லை. கொங்கோவின் வடகிழக்கில் கரம்பா தேசிய வனம் இருக்கின்றது. வனத்தில் சுதந்திரமாக வாழ்ந்த வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களின் கடைசி உறைவிடம் அதுவே. 1984இல் அங்கு 15 மட்டுமே எஞ்சியிருந்தன. காவலை இறுக்கியதும் அவை இரட்டிப்பாயின. பின்பு மீண்டும் போர் வந்தது. சூடானிலிருந்து குதிரையேறி வந்த கொள்ளையர் வந்தனர். 2005இல், எஞ்சியவற்றுள் ஐந்தினைப் பிடித்துக் கென்யாவிற்கு அனுப்பிக் காப்பாற்றலாம் என்று திட்டம் தீட்டப்பட்டது. அரசாங்கமும் முதலிற் சம்மதித்தது. ஆனால் நாட்டினுள் எதிர்ப்புக் கிளம்பிற்று. இவை எமது மண்ணின் செல்வம், அந்நிய நாட்டிற்குக் கொடுக்கமாட்டோம் என்றனர். திட்டம் கைவிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கரம்பாவில் ஒன்றும் இல்லை.

அந்த மக்களைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. வெளியேறுவதா, நிற்பதா என்ற வாதம் எந்த எந்த வீடுகளின் முற்றத்தில் எத்தனை இரவுகள் நடந்தது என்பதை நாம் அறிவோம். நின்றவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வெளியேறியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கரம்பாவில் நின்றவை அழிந்தன. த்வூர் கிராலொவேயில் குளிர் காய்ந்தவை உயிர் தப்பின; ஆனாற் பெருகவில்லை.

அவுஸ்திரேலியாவும் இந்த விடயத்தில் ஒரு காலை வைத்தது. 2016இல், தென்னாபிரிக்காவிலிருந்து 80 தெற்குக் காண்டாமிருகங்களை நான்கு ஆண்டுகளில் விமானத்தில் இங்கு கொண்டுவந்து பாதுகாக்கப் போவதாகச் சிட்னியிலுள்ள ஓர் அமைப்பு அறிவித்தது. திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை. இந்நாட்டின் நோய்த்தடுப்பு விதிகள் கடுமையானவை. ஆபிரிக்காவிலிருந்து வரும் விலங்கு நேரடியாக இங்கு நுழைய முடியாது. வேறோர் இடத்தில் வைத்துச் சோதித்துக் காத்திருக்கச் செய்த பின்னரே அனுமதி. இதனை வாசித்தபோது, வில்லவுட் தடுப்பு நிலையத்திற் சில ஆண்டுகளைக் கழித்த எமது நண்பர் ஒருவர், காண்டாமிருகத்துக்கும் அதே சட்டந்தானா என்று கேட்டார். அதே சட்டமன்று, என்றாலும் அதே மொழி என்று சொன்னோம்.

நஜினும் ஃபாத்துவும் மட்டுமே இப்போது எஞ்சியிருப்பவை. இரண்டுக்குமே தாம் கருத்தாங்க இயலாத உடற்குறை. 2019 ஓகஸ்டில் அவற்றின் கருமுட்டைகளை மருத்துவர்கள் எடுத்தனர். இத்தாலியின் கிரமோனா நகர ஆய்வுகூடத்தில், இறந்துபோன ஆண்களிடமிருந்து முன்னரே பெற்று உறைநிலையிற் காத்த விந்தணுவோடு அவை சேர்க்கப்பட்டன. வயது காரணமாக 2021இல் நஜின் இந்தப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது. கிடைத்த கருக்கள் யாவும் ஃபாத்துவினுடையவை. முப்பதுக்கு மேற்பட்டவை உறைநிலையில் காத்திருக்கின்றன. தெற்குப் பெண் காண்டாமிருகம் ஒன்றின் வயிற்றில் அவற்றை வளர்ப்பதே திட்டம். ஒத்திகையாகத் தெற்குக் கரு ஒன்றை வைத்துப் பார்த்தனர். அது 70 நாட்கள் வளர்ந்தது. 6.4 சென்ரிமீற்றர் நீளமான ஆண் கரு. ஆனால் 2023 நவம்பரில், கடும் மழைவெள்ளத்தின் பின் மண்ணிலிருந்து பரவிய கிருமியினால் அந்தத் தாய் மாண்டது. 2024 சனவரியில் இச்செய்தியை வெளியிட்ட விஞ்ஞானிகள், வழி திறந்துவிட்டது என்றனர். அவர்கள் அவசரப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிறக்கும் கன்று, காண்டாமிருகமாய் வாழ்வதை ஃபாத்துவிடமிருந்தும் நஜினிடமிருந்தும் கற்கவேண்டும். எப்படிச் சேற்றில் புரள்வது, எதற்கு அஞ்சுவது, எந்தக் குரலுக்கு என்ன பொருள் என்பன ஆய்வுகூடத்திற் கிடையா. அந்த இருவரும் உயிரோடிருக்கும்போதே கன்று வந்து சேரவேண்டும்.

வெரிபியிலிருந்து திரும்பும் வழியில் பிள்ளைகளுக்குப் பெரியப்பாவின் மரக் காண்டாமிருகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளிக்கிட்டபோது அது அலுமாரியின் மேலேயே நின்றது. காணி உறுதியும் நகைப்பெட்டியும் அரிசிப் பையும் சைக்கிளில் ஏறின, அதற்கு இடமிருக்கவில்லை. பின்னர் போய்ப் பார்த்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. பெரியப்பா அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். அதன் புகைப்படம் ஒன்றுகூட எம்மிடம் இல்லை.

இளையவள் கேட்டாள்: "எந்தக் கொம்பு முறிஞ்சது மாமா? முன்னுக்கு இருக்கிறதோ, பின்னுக்கு இருக்கிறதோ?"

முன்கொம்பு என்றுதான் வாயில் வந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றிரவு பாரிசில் இருக்கும் தம்பிக்கு அழைத்துக் கேட்டோம். முன்கொம்புதான், அதிலென்ன சந்தேகம் என்றான். மறுநாள் ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவின் மகள் பேசினாள். பின்கொம்பு என்றாள், பெரியம்மா பசை போடும்போது பிடித்துக்கொண்டு நின்றதே தான்தானாம்.